வாசல் மாப்பிள்ளை

கோயில் கதவைக் கழற்ற வந்த தச்சர்கள் இரண்டு பேரும் காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கீல்களின் திருகுகளை எல்லாம் எடுத்தாயிற்று. கதவு மட்டும் நிலையை விட்டு வருவேனா என்று நின்றது. புதுக் கதவு, பளபளவென்று வார்னிஷ் வாசனையோடு, வெளியே சுவரில் சாய்ந்து காத்திருந்தது.

தையல்காரம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். சிலுவைக்கு அடியிலிருக்கும் பீடத்துக்குப் புது விரிப்பு தைக்க அளவெடுக்க வந்தவள். அளவு எடுத்து வெகுநேரமாகிவிட்டது. எழுந்து போகத்தான் மனசு வரவில்லை. கடைசியில் பொறுக்க மாட்டாமல் வாயைத் திறந்தாள்.

"தம்பி, இழுக்காதீங்க. இழுத்தா அது வராது. தோளைக் கொடுத்துக் கொஞ்சம் தூக்கிட்டு, அப்புறம் தள்ளுங்க."

மூத்த தச்சர் நம்பிக்கையில்லாமல் தோளைக் கொடுத்தார். கதவு முனகிக்கொண்டே கழன்று வந்தது. அதைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அதன் வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"இதென்னம்மா, இந்த ஓர் இடத்துல மட்டும் பெயிண்ட் போயி மரம் வழவழன்னு இருக்கு?"

"அது எங்க வீட்டுக்காரர் தோள் பட்ட இடம்ப்பா."

அவர் போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது.

அவர் வெல்டர். ஆள் வாட்டசாட்டம், பேச்சு கம்மி. பொறி பட்டுப் பொத்தல் விழாத சட்டை அவரிடம் ஒன்றுகூடக் கிடையாது. அவருடைய குடும்பம் வேறு சாமியைக் கும்பிடும் குடும்பம். ஆயரிடம் அனுமதி வாங்கி, இதே பீடத்துக்கு முன்னால்தான் கல்யாணம் நடந்தது. கல்யாணத்தன்று உள்ளே வந்தவர்தான். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அவளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வாசலுக்கு வெளியே நின்றுகொள்வார்.

"உள்ள வந்து உட்கார்ந்தா என்ன, தலையையா சீவிடுவாங்க?" என்று அவள் கேட்பாள்.

"உங்க சாமியை நீ பார்த்துக்க. வண்டியை நான் பார்த்துக்கறேன்."

அந்த ஓட்டை ஸ்கூட்டரை எவன் திருடப் போகிறான்! ஆனாலும் காவல் தொடர்ந்தது. அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்கள் அவருக்கு 'வாசல் மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பெண் எடுத்த வீட்டில் மாப்பிள்ளைக்கு வாசலாவது கிடைத்ததே என்பார்.

தையல்காரம்மாவுக்குத்தான் அது நெஞ்சில் முள். பக்கத்து பெஞ்சில் புருஷனும் பெண்டாட்டியுமாக முழங்கால் போடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அவளுடைய ஒரு பக்கம் காலியாக இருக்கும். கல்யாணமான புதிதிலேயே நல்ல வெள்ளைத் துணி வாங்கி, அவருக்குத் தெரியாமல் ஒரு சட்டை தைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். ஞானஸ்நானத்தன்று போட. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், இவர் நகரமாட்டாரா? எத்தனை நாள் ஆகுமோ தெரியாது என்பதால், பக்கத் தையலில் தாராளமாக உள்துணி விட்டுத் தைத்தாள். அந்த மட்டும் அவளுக்கு முன்யோசனை உண்டு.

அம்மி நகரவில்லை. தொப்பைதான் நகர்ந்தது. அவருடைய வேலைச் சட்டைகளைத் துவைக்கும்போது அளவு பார்த்துக்கொள்வாள். அவர் வேலைக்குப் போனபின் பெட்டியைத் திறந்து, வெள்ளைச் சட்டையின் பக்கத் தையலைப் பிரித்துக் கொஞ்சம் விட்டுத் தைப்பாள். மறுபடி பெட்டிக்குள். இப்படியே வருஷங்கள் போயின.

கதவு விஷயம் ஒரு மழை நாளில் ஆரம்பித்தது. விடாத மழையில் மரம் ஊதி, கதவு நிலையோடு இறுகிவிட்டது. கோயிலைத் திறந்து மூடுகிற கோயில்பிள்ளை சாவியைத் திருகித் திருகி ஓய்ந்துபோனார். பூசைக்கு வந்த மொத்தச் சனமும் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே. அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பங்கு முழுவதும் வாசல் மாப்பிள்ளையோடு சேர்ந்து வாசலில் நின்றது. அவர் கொஞ்சநேரம் பார்த்தார். "நகருங்க" என்றார். தோளைக் கொடுத்துத் தூக்கித் தள்ளினார். திறந்துகொண்டது.

அன்று பங்குச்சாமியாராக இருந்தவர் வயதான மனிதர், குசும்பு பிடித்தவர். கோயில்பிள்ளைக்கும் மூட்டுவலி. சாமியார் சாவிக்கொத்தை எடுத்து வெல்டர் கையில் வைத்தார்.

"நான் உங்க ஆளு இல்லையே, சாமி?"

"அதனாலதான் தர்றேன். உள்ள வரமாட்டேன்னு அடம்பிடிக்கிறவன் எதையும் தூக்கிட்டுப் போக மாட்டான்."

அப்படித்தான் சாவி வீட்டுக்கு வந்தது. விடிந்ததும் போய்த் திறப்பார். மின்விசிறி கிறீச்சிட்டால் ஏறி எண்ணெய் விடுவார். பெஞ்சின் இரும்புக் கால் ஆடினால் வெல்டிங் வைப்பார். ஆண்டவர் குடியிருப்பதாக அவர்கள் நம்பும் நற்கருணைப் பேழைக்கு முன்னால் எரிகிற சிவப்பு விளக்கில் எண்ணெய் குறைந்தால் ஊற்றுவார். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் எல்லாம். பூசை மணி அடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். வேலையென்றால் உள்ளே, பூசையென்றால் வெளியே. இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று கேட்டால் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

சாவியை வைத்திருந்த லட்சணம் இருக்கிறதே, அது தனி. சாப்பிடும்போதும் சட்டைப் பையில் கிடக்கும். காய்ச்சலில் படுத்தபோது தலையணைக்கடியில். "என்னை இப்படி ஒரு நாளாவது பத்திரமா வச்சிருந்தீங்களா?" என்று அவள் கேட்டிருக்கிறாள். "நீ தொலைஞ்சா நீயே திரும்பி வந்துருவே. சாவி வருமா?" என்பார். கேட்டதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டு அவளும் சிரிப்பாள். அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் மனசு இளகுகிறது. இருட்டு முழுசாகப் போகாத தெரு, சாவிக்கொத்துச் சத்தம், போகிற போக்கில் அவர் இழுத்துச் சாத்திவிட்டுப் போகும் வீட்டுக் கதவு. சந்தோஷம் என்று அப்போது அதற்குப் பெயர் வைக்கத் தெரியவில்லை.

பெரிய சாமியார் மாற்றலாகிப் போனார். இளவயதுச் சாமியார் வந்தார். நல்லவர்தான். பங்குப் பேரவைச் செயலாளர்தான் சாவிப் பேச்சைக் கிளப்பினார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பூட்டு என்றால் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று நினைக்கிறவர். "ஞானஸ்நானம் வாங்காத ஒருத்தர் கையில கோயில் சாவி இருக்கு. அந்தப் பேழை இருக்கிற இடம் ஃபாதர் அது. நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?" என்று கூட்டத்தில் கேட்டுவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

சாமியார் நேராக வீட்டுக்கே வந்தார். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் துணிகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

"இத்தனை வருஷமா கோயிலைக் கண்ணுபோலக் காப்பாத்தியிருக்கீங்க. உங்களுக்குத் தெரியாத செபம் எதுவும் இல்ல, வாசல்ல நின்னே மனப்பாடம் ஆயிருக்கும். ஞானஸ்நானம் வாங்கிடுங்க. சீக்கிரமே வச்சுக்கலாம். சாவியும் உங்ககிட்டயே இருக்கும், யாரும் பேச முடியாது."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று தையல்காரம்மாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கை தானாகப் பெட்டிப் பக்கம் போனது.

அவர் சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். ஒருதரம் பார்த்தார். சாமியாரின் கையில் வைத்தார்.

"சாவிக்காகத் தலையில தண்ணி ஊத்திக்கிட்டா, தண்ணிக்கும் மரியாதை இல்ல, சாவிக்கும் மரியாதை இல்ல, ஃபாதர். பெரிய கதவைத் தூக்கிட்டுத் தள்ளணும். செயலாளர்கிட்ட சொல்லிருங்க."

சாமியார் போனபின் அவள் வெடித்தாள்.

"ஆண்டவர் எந்த வாசல் வழியாக் கூப்பிட்டா உங்களுக்கென்ன? அவரே வந்து உங்க கால்ல விழணுமா?"

"கூப்பிட்டது ஆண்டவர் இல்ல. சாவி."

"உங்களுக்கு வாய்க்கொழுப்பு!"

அதற்கப்புறம் பல நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். தட்டை ணங்கென்று வைத்துவிட்டு மிஷினுக்குப் போய்விடுவாள். வெள்ளைச் சட்டையை எடுத்துக் கிழித்துப் பீடம் துடைக்கிற துணியாக்கிவிடலாமா என்றுகூட ஒரு மதியம் கத்தரிக்கோலை எடுத்தாள். எடுத்த கை வைத்துவிட்டது. தையலில் இன்னும் விட உள்துணி இருந்தது.

விடிகாலையில் அவர் வழக்கம்போல எழுந்துவிடுவார். முகம் கழுவுவார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பார். காலியாக இருக்கும். கட்டிலில் வந்து சும்மா உட்காருவார். பார்க்க அவளுக்குப் பாவமாக இருக்கும், ஆனாலும் ரோஷம் பேச விடவில்லை. பிறகு ஒரு நாள் அவர் எழுந்து வெளியே போனார். மறுநாளும் போனார். டீக்கடைக்குப் போகிறார் போலிருக்கிறது, போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

வாரநாள் பூசைக்கு அவள் போவதில்லை, தையல் வேலை குவிந்து கிடக்கும். ஒரு நாள் விடிகாலையில் சாமியாரின் அங்கி ஒன்றை அவசரமாகச் சரிசெய்து கொடுக்கப் போனாள். பூசை நடந்துகொண்டிருந்தது. வாசலில் ஸ்கூட்டர் நின்றது. அதற்குக் காவல் இல்லை.

உள்ளே எட்டிப் பார்த்தாள். கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால், அவர். கையில் சாவி இல்லை, ஸ்பேனர் இல்லை, எண்ணெய்க் கிண்ணம் இல்லை. அந்தப் பெரிய கைகளை என்ன செய்வதென்று தெரியாதவர்போல மடியில் வைத்துக்கொண்டு, சிவப்பு விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தையல்காரம்மா உள்ளே போகவில்லை. போனால் கலைந்துவிடும் என்று பயந்தாள். ஸ்கூட்டருக்குப் பக்கத்தில், அவர் இத்தனை வருஷம் நின்ற இடத்தில், அங்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நிற்க நிற்கக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. இத்தனை ஞாயிறும் இப்படியா கால் வலித்திருக்கும்!

வெளியே வந்தவர் அவளைப் பார்த்துத் திருடன்போல முழித்தார்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"கொஞ்ச நாளா." தலையைச் சொறிந்தார். "சாவி இருந்தவரைக்கும் கதவு திறக்க வந்தேன்னு நினைச்சேன். சாவி போச்சு. கால் மட்டும் நிக்க மாட்டேங்குது. அப்ப நான் யாரைப் பார்க்கத்தான் வந்துகிட்டிருந்தேன்னு உள்ள போய்ப் பார்த்தேன்."

"பார்த்தீங்களா?"

"பார்த்துகிட்டுத்தான் இருக்கேன். அவசரப்படுத்தாத."

அவள் அவசரப்படுத்தவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக. அவர் சாமியாரிடம் போய் முறையாகப் பாடம் கேட்டார். குறுக்குவழி வேண்டாம் என்றார். "எங்கம்மா கும்பிட்டதைத் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், ஃபாதர்" என்றார். "யாரும் சொல்லச் சொல்லல" என்றார் சாமியார். ஞானஸ்நானத்தில் உடன் நிற்க ஞானத்தகப்பனாக யார் வேண்டும் என்று கேட்டபோது, செயலாளரைக் கை காட்டினார். செயலாளர் அன்றைக்கு அழுத அழுகையை யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஞானஸ்நானச் சடங்கு கோயில் வாசலில் ஆரம்பிக்கும். கதவைச் சாத்தி வைத்து, கேள்விக்குப் பதில் சொன்னதும் திறக்கட்டும், அழகாக இருக்கும் என்று இளைய சாமியாருக்கு ஓர் ஆசை. முந்தின நாள் பெய்த மழையை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

அன்று காலை தையல்காரம்மா பெட்டியைத் திறந்து வெள்ளைச் சட்டையை நீட்டினாள். அவர் வாங்கிப் போட்டார். அளந்து தைத்தாற்போல் இருந்தது. பக்கத் தையலில் வரிவரியாகப் பழைய ஊசித்தடங்கள். அதை விரலால் தடவினார்.

"வருஷா வருஷம் என் அளவைப் பார்க்கறே, ஒரு சட்டையும் வரலியேன்னு நினைச்சுகிட்டே இருந்தேன்" என்றார்.

தெரிந்தே இருந்திருக்கிறார், கள்ளன்! அவள் காலரை இழுத்துவிட்டு மேல் பொத்தானைப் போட்டாள்.

வாசலில் சாமியார் சத்தமாகக் கேட்டார். "இறைவனுடைய திருச்சபையிடம் நீர் கேட்பது என்ன?"

அந்த நேரம் பார்த்து உள்ளே செயலாளர் கதவோடு போராடும் சத்தம் தடதடவென்று கேட்டது. வாசல் மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை.

"கொஞ்சம் தூக்கிட்டு இழுக்கச் சொல்லுங்க, ஃபாதர்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சாமியாரும் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, வாசல் மாப்பிள்ளையே மறுபடி வாயைத் திறந்தார். இந்தமுறை குரல் உடைந்திருந்தது.

"விசுவாசம்."

சொல்லிவிட்டு வெள்ளைச் சட்டைத் தோளைக் கதவில் கொடுத்தார். உள்ளேயிருந்து ஒருவர், வெளியேயிருந்து ஒருவர். கதவு திறந்தது. அவருக்கு ஒரு புனிதரின் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரால் யாரும் கூப்பிடவில்லை, கடைசிவரை வாசல் மாப்பிள்ளைதான். சாமியார் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது, "செயலாளரே வச்சுக்கட்டும், இப்பத்தான் அவருக்குக் கதவு பழகுது" என்று சொல்லிவிட்டார். செயலாளர் கண் மூடியபிறகுதான் சாவி மறுபடி வீட்டுக்கு வந்தது.

வாசல் மாப்பிள்ளை போன நாளும் மழை நாள்தான். நோய் ஆளைப் பாதியாக்கியிருந்தது. கடைசியாக அவருக்கு உடுத்த எடுத்த வெள்ளைச் சட்டை தொளதொளவென்று கிடந்தது. அழுதுகொண்டிருந்த சொந்தங்களை ஒதுக்கிவிட்டுத் தையல்காரம்மா மிஷினில் உட்கார்ந்தாள். அந்தச் சட்டையை வாழ்நாளெல்லாம் பிரித்து விட்டே தைத்தவள், அன்றுதான் முதல்முறையாகப் பிடித்துத் தைத்தாள்.

"அம்மா," என்று மூத்த தச்சர் கூப்பிட்டார். "புதுக் கதவுக்குக் கீல் வாங்கணும், கடைக்குப் போயிட்டு வந்துடறோம். வாசல் திறந்தே கிடக்கு. சாமியாரையும் காணோம். யாராவது இருப்பாங்களா?"

தையல்காரம்மா எழுந்தாள். அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டாள். கதவில்லாத வாசலுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, சாய்த்து வைத்த பழைய கதவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோள் பட்டுத் தேய்ந்த இடம் அவள் தலைக்கு நேராக இருந்தது. அதில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"போயிட்டு வாங்கப்பா. நானும் எங்க வீட்டு ஆளும் இருக்கோம்."