வெள்ளை பூத்த படை

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் ஒரு வாரமாக யாரும் சாப்பாட்டு மேசையில் சாப்பிடவில்லை. மேசையை ஓர் ஆறு பிடித்துக்கொண்டிருந்தது. ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாலம், இரண்டு கரையிலும் தீப்பெட்டியளவு வீடுகள். சுண்டுவிரல் உயரம்கூட இல்லாத சிப்பாய்கள் நீலச் சட்டைக்காரர்கள், சிவப்புச் சட்டைக்காரர்கள் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து ஜன்னலோர டிரேக்களில் காத்திருந்தார்கள். வீட்டு மனிதர்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் சாப்பிட்டார்கள்.

மெக்கானிக்கின் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். தினமும் ஒரு வேன் நிறையப் பிள்ளைகளை மேய்க்கிறவளுக்கு இந்தப் பொம்மைகள் ஒரு தொல்லையே இல்லை.

"கத்தாது, வாந்தி எடுக்காது, வச்ச இடத்துல இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்" என்பாள்.

சனிக்கிழமை மாநாடு. மினியேச்சர் போர் விளையாட்டுக் கிறுக்குப் பிடித்தவர்கள் எல்லாம் வருடத்துக்கு ஒரு முறை ஒரு பெரிய ஹாலில் கூடி, பகடையை உருட்டி, டேப்பை இழுத்து அளந்து, எங்குமே இல்லாத ராஜ்யங்களுக்காக அடித்துக்கொள்வார்கள். இத்தனை வருடமும் மெக்கானிக் அங்கே போய், மற்றவர்களின் மேசைகளை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, இரண்டு டப்பா பெயிண்ட் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். இந்த வருடம் என்ன வேகமோ, தனக்கும் ஒரு மேசை வேண்டுமென்று எழுதிப் போட்டுவிட்டார். கொடுத்தும் விட்டார்கள். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மேசை வாங்கினால் போதுமா? வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும். இது யார் படை, எதற்குச் சண்டை, எப்படி ஆடுவது என்று நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஆளோ லிஃப்ட் கூண்டுக்கு மேலே இருட்டில் உட்கார்ந்து மோட்டாரோடு குடித்தனம் நடத்துகிறவர். பதிவு அலுவலகத்தில் கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதுகூடத் தலையைத்தான் ஆட்டினார். "வாயத் திறந்து சொல்லுங்க சார், எனக்கு எழுதணும்" என்று அதிகாரி கெஞ்ச வேண்டியதாயிற்று.

படைக்கு ஒரே ஒரு வேலைதான் பாக்கியிருந்தது. ஆடுகிறவர்களின் விரல் பட்டுப் பட்டு வர்ணம் உரிந்துவிடாமல் இருக்க, மேலே வார்னிஷ் ஸ்பிரே அடிக்க வேண்டும். அந்த வார்னிஷுக்கு ஈரக்காற்று ஆகாது. மழை நேரத்தில் அடித்தால் பளிச்சென்ற வர்ணத்தின் மேல் வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். வெளியே மழையோ விட்டபாடில்லை. கொஞ்சம் வெறிக்கட்டும் என்று மெக்கானிக் காத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று போன் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் அவருடைய மச்சினன், மனைவிக்குத் தம்பி. சலூன் வைத்திருக்கிறான். கத்தரி ஓய்ந்தாலும் வாய் ஓயாது என்பதால் எல்லோருக்கும் அவன் குருவி. அத்தானுக்கு ஏதாவது ஒத்தாசை செய்ய வேண்டுமென்று அவனுக்குக் கொஞ்ச நாளாகவே கை அரித்துக்கொண்டிருந்தது. ஸ்பிரே டப்பாவைப் பார்த்தான். தினம் எத்தனை தலைக்கு அடிக்கிறோம், இது என்ன பிரமாதம் என்று நினைத்தான். டிரேக்களை பால்கனிக்குத் தூக்கிப் போனான். மழையை ரசித்துக்கொண்டே, ஒருத்தரைக்கூட விடாமல், இரண்டு படைக்கும் அடித்துத் தீர்த்தான்.

மெக்கானிக் திரும்பி வந்தபோது நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. எல்லோரும் மாவு மில்லில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள்போல் நின்றார்கள். குருவி சுவரோரம் ஒண்டிக்கொண்டிருந்தான். வேனை நிறுத்திவிட்டு வந்திருந்த அக்கா அவனைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உன்ன யாருடா தொடச் சொன்னா? ஆறு மாசமா கண்ணு பூத்துப்போய் உக்காந்து அடிச்ச பெயிண்டுடா!"

"சர்ப்ரைஸா இருக்கட்டுமேன்னு…" என்றான் குருவி.

மெக்கானிக் குனிந்து ஒரு சிப்பாயை எடுத்துப் பார்த்தார். ஒளிக்காமல் சொல்லிவிடுவோம், அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பாறாங்கல் நழுவி விழுந்தது. படை கெட்டுப்போச்சு, இனி போக வேண்டாம், யாரிடமும் பேச வேண்டாம்! தன் மேல் குற்றமும் இல்லை. இதைவிட நல்ல சாக்கு தேடினாலும் கிடைக்காது.

இந்த வெள்ளையை எடுக்க வழி உண்டு என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். மெல்லிய பிரஷ்ஷில் சமையல் எண்ணெயைத் தொட்டுத் தடவி, துணியால் ஒற்றி எடுத்தால் வர்ணம் திரும்பி வந்துவிடும். போன மழைக்காலத்தில் ஒரு குதிரைப்படையையே அப்படிப் பிழைக்கவைத்திருக்கிறார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"விடு மாப்ள, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார். குருவி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்விட்டான். சாயங்காலம் மாநாட்டுக்காரர்களுக்குப் போன் பண்ணி வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்து, மெக்கானிக் பல நாளைக்கு அப்புறம் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

மதியத்துக்கு மேல் கதவு தட்டும் சத்தம் கேட்டது. குருவி நின்றான். தொப்பலாக நனைந்திருந்தான். கையில் பெரிய பிளாஸ்டிக் பை.

"கடை?" என்றாள் அக்கா.

"சாத்திட்டேன்."

பையை மேசையில் கவிழ்த்தான். கடை வீதியில் இருக்கிற அத்தனை பொம்மைக் கடையிலும் ஏறி இறங்கியிருக்கிறான் போலிருக்கிறது. பச்சை பிளாஸ்டிக் சிப்பாய்கள் பொலபொலவென்று கொட்டினார்கள். ஒவ்வொருத்தனும் பாலத்தைவிடப் பெரியவன். ஒருத்தன் விழுந்த வேகத்தில் இரண்டு வீடுகள் சாய்ந்தன. கூடவே ஒரு டைனோசரும் வந்திருந்தது.

"அத்தான், பாதிக்கு நீலம், பாதிக்கு செவப்பு. நீங்க எப்படின்னு மட்டும் சொல்லுங்க, நான் அடிக்கிறேன். விடிய விடிய உக்காந்தாவது முடிச்சிடறேன். நீங்க நாளைக்குப் போயே ஆகணும்" என்றான் குருவி. அவன் குரல் கம்மியிருந்தது. கண்ணும் சிவந்திருந்தது.

மெக்கானிக் அந்த டைனோசரைப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மாப்ள, எண்ணெய் தடவினா அது போயிடும்" என்றார்.

"எது போயிடும்?"

"அந்த வெள்ளை. சமையல் எண்ணெய் போதும். எனக்குக் காலைலயே தெரியும்."

மனைவி இடுப்பில் கை வைத்தாள்.

"தெரிஞ்சுமா இவன அழ விட்டீங்க?"

"எனக்கு அங்க போய்ப் பேசப் பயமா இருக்கு" என்றார் மெக்கானிக். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் சேர்ந்தாற்போல் சொன்ன பெரிய வாக்கியங்களில் இதுவும் ஒன்று.

குருவி அவரையே முறைத்தான். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, எண்ணெயக் கொண்டா. அத்தான், உங்களச் சும்மா விடமாட்டேன். நான் எண்ணெய் போடற ஒவ்வொருத்தனப் பத்தியும் நீங்க எனக்குச் சொல்லணும். சலூன்ல வந்து உக்காந்தா நான் அப்படித்தான் கேப்பேன். பேரு, ஊரு, குடும்பம், எல்லாம்!"

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சலூனிலிருந்து வாசனை எண்ணெய் கொண்டுவரட்டுமா என்று குருவி கேட்டதை அக்கா ஒரே பார்வையில் அடக்கினாள். பிரஷ் பட்டதும் வெள்ளை விலகி, முதல் சிப்பாயின் நீலச் சட்டை புதிதாகத் தைத்ததுபோல் வெளியே வந்தது. குருவி வாயைப் பிளந்தான்.

"சொல்லுங்க. யாரு இவன்?"

"கொட்டு அடிக்கிறவன்" என்றார் மெக்கானிக்.

"கொட்டு எங்க?"

"அவசரத்துல வீட்டுல வச்சுட்டு வந்துட்டான்."

"நம்ம குடும்பத்து ஆளுதான்" என்றாள் மனைவி. மெக்கானிக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

அடுத்தவன் யார், அதற்கடுத்தவன் யார் என்று குருவி விடாமல் நச்சரித்தான். முதலில் ஒற்றை வார்த்தையாக வந்தது, பிறகு வாக்கியமாயிற்று. ஆறு மாதம் தனியாக உட்கார்ந்து வர்ணம் அடித்தவர் அவர்களுக்குச் சும்மாவா சட்டை மாட்டியிருப்பார்? ஒவ்வொருத்தனுக்கும் ஒரு வண்டி சங்கதி இருந்தது. சிவப்புப் படையின் சமையல்காரனும் நீலப் படையின் சமையல்காரனும் அண்ணன் தம்பிகள். பாலத்தின் நடுவில் சந்தித்து ரகசியமாக உப்பு மாற்றிக்கொள்வார்கள். நீலப் படையின் தளபதிக்குத் தண்ணீர் என்றால் பயம். இன்றைக்கு நாள் சரியில்லை, நாளைக்கு ஆகட்டும் என்று மூன்று வருடமாக ஆற்றங்கரையிலேயே கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"தளபதியா இருந்துக்கிட்டு பயமா?" என்றான் குருவி.

"தளபதின்னா என்ன, பயம் இருக்கக் கூடாதா?" என்று மெக்கானிக் எழுந்தே விட்டார். "பாலம் எவ்வளவு குறுகல்னு பாரு! குதிர மிரண்டா அவ்வளவுதான்! எதிர்ல செவப்புக்காரன் பீரங்கிய வச்சுக்கிட்டு நிக்கிறான்! ஆனா இன்னிக்கு அவர் ஏறியே ஆகணும். ஏன் தெரியுமா?"

பகடையைக் கையில் எடுத்துக்கொண்டார். டேப்பை இழுத்தார். எண்ணெய் காயாத படைகளை அங்கேயே இறக்கினார். அக்கா சிவப்பு, தம்பி நீலம். அவர் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து இரண்டு பேரையும் உசுப்பிவிட்டார், விதியைச் சொன்னார், பீரங்கிபோல் வாயாலேயே வெடித்தார். விளக்குப் போட வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

மறுபடியும் கதவு தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற கோர்ட் குமாஸ்தா. பார்த்தால் தலையசைப்பதோடு சரி, மெக்கானிக்குக்கும் அவருக்கும் ஒரு வார்த்தைப் பழக்கம் கிடையாது. உள்ளே எட்டிப் பார்த்தவர் நேராகக் குருவியைப் பிடித்தார்.

"தம்பி, கொஞ்சம் மெதுவாப் பேசக்கூடாதா? ஒரு மணி நேரமா டிவி ஒண்ணும் காதுல விழல."

"ஐயா, அது நான் இல்ல!" என்றான் குருவி.

"இவன் இல்லைங்க" என்றாள் மனைவி. முகமெல்லாம் சிரிப்பாக, கையை நீட்டிக் காட்டினாள். "சத்தம் போட்டது என் வீட்டுக்காரரு."

குமாஸ்தா மெக்கானிக்கை மேலும் கீழும் பார்த்தார். நம்பின மாதிரி தெரியவில்லை. போகத் திரும்பினார். போகவில்லை. வாசற்படியில் கொஞ்சம் தயங்கினார்.

"அதெல்லாம் சரி. அந்தத் தளபதி பாலத்துல ஏறினாரா, இல்லையா?"

மெக்கானிக் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அது உங்க கைல இருக்கு, சார். உக்காருங்க" என்று சொல்லி, பகடையை அவர் உள்ளங்கையில் வைத்தார்.