கிடா சிலுப்பவில்லை

வெள்ளிக்கிழமை கிடாவை வெட்டுவதென்று மாமனார் முடிவு செய்திருந்தார். சனிக்கிழமை அதைக் கண்காட்சிக்குக் கொண்டுபோவதென்று நான் முடிவு செய்திருந்தேன். இரண்டும் ஒரே கிடா.

அதை வளர்த்தவள் என் மனைவி சத்தியபாமா. மாசி மாதம் காய்ச்சலில் இறந்துவிட்டாள். அதைப்பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

ஜொகூரில் தம்போய் என்ற ஊரில் மாமனார் வீட்டில்தான் இன்னும் இருக்கிறேன். சிங்கப்பூரில் கல்லூரி முடித்து, ஜொகூர்பாருவில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்கிறேன். சைக்கிளில் போய் வருவேன். பெண்டாட்டி போன பிறகும் மாப்பிள்ளை ஏன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறான் என்று கம்பத்தில், அதாவது ஊருக்குள், கேட்கிறார்கள். ஆடுகளைப் பார்க்க ஆள் வேண்டுமே என்று சொல்லிவிடுவேன். அது பொய்யுமில்லை.

மாமனார் காளியப்பன் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். ரப்பர் விலை விழுந்து வேலை போனதும் இந்தத் துண்டு நிலத்துக்கு வந்து ஆடு வளர்க்கத் தொடங்கினார். இங்கே மண் காய்வதே இல்லை. அதனால் ஆடுகள் தரையில் படுப்பதில்லை. இடுப்புயரக் கால்கள் நட்டு, மேலே இடைவெளி விட்டுச் சட்டம் அடித்த பரணில் படுக்கும். புழுக்கை கீழே விழுந்துவிடும், குளம்பு அழுகாது. தழை வெட்டி வருவது மாமனார் வேலை. பால் கறப்பது மாமியார் கிருஷ்ணம்மா. பரணைக் கழுவுவது மைத்துனன் சதாசிவம். கண்காட்சி மட்டும் பாமாவுடையது. வேறு யாரையும் அதில் கைவைக்க விடமாட்டாள்.

போன வருடம் ஜொகூர்பாரு திடலில் அவள் ஒரு கிடாவைக் காட்டினாள். கம்பிங் பெங்காலா என்று மலாய்க்காரர்கள் சொல்லும் நீளக்காது இனம். நடுவர் ஒரு வெள்ளைக்காரர், வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்தார். அவர் குனிந்து கிடாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தபோது தூறல் விழுந்தது. கிடா தலையிலிருந்து வால்வரை உடம்பைச் சிலுப்பியது. சேறும் தண்ணீரும் அவர் கால்சட்டை முழுக்க. திடலே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பாமாவுக்கு இரண்டாம் பரிசு.

வண்டியில் திரும்பி வரும்போது அவள் சொன்னாள்: "அடுத்த வருசம் இவன் தம்பிய கொண்டாறேன். கொடம் கொடமா ஊத்துனாலும் கல்லு மாதிரி நிப்பான். பாருங்க."

அந்தத் தம்பிதான் இந்தக் கிடா. அது குட்டியாக இருந்ததிலிருந்தே பிற்பகலில் கிணற்றடிக்கு இழுத்துப் போவாள். கயிற்றை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, அதன் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்துக்கொண்டு, முதுகில் தண்ணீர் ஊற்றுவாள். சிலுப்பினால் மறுபடியும் ஊற்றுவாள். சிலுப்பாமல் நின்றால் பலா இலை. கடைசியில் கயிற்றைக் கீழே போடுவாள். அதற்குப் பிறகு அது எவ்வளவு வேண்டுமானாலும் சிலுப்பிக்கொள்ளலாம். நாளாக ஆக அதற்குப் புரிந்துவிட்டது. கயிறு கையில் இருக்கும்வரை கல். கயிறு விழுந்தால் ஆடு.

அந்த நேரத்தில் மாமனார் தழைக்குப் போயிருப்பார். சதாசிவம் மரவாடியில் வேலைக்குப் போயிருப்பான். நான் ஜன்னலோரம் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருப்பேன். அடுக்களை வாசலில் தேங்காய் துருவியபடி மாமியார் கத்துவார்: "கெணத்தையே வத்த வச்சிருவா போல. ஆட்டுக்கு ஏன்டி இவ்வளோ தண்ணி?"

பாமா காய்ச்சலில் படுத்தபோது மாமியார்தான் முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டார். எம் மகள எழுப்பி விடு, கிடாவ தர்றேன் என்று. அவள் எழுந்திருக்கவில்லை.

ஆவணியில் ஒருநாள் சாப்பாட்டின்போது மாமனார் பேச்சை எடுத்தார்.

"வெள்ளிக்கெழம பூச. பூசாரிகிட்ட சொல்லியாச்சு."

"எதுக்கு மாமா?"

"நேந்துக்கிட்ட கிடா நிக்கிதுல்ல."

"பாமா எழுந்திரிச்சா குடுக்கறதாதானே பேச்சு? அவ எழுந்திரிக்கலையே."

"சாமிகிட்ட பேரம் பேசறீங்களா மாப்பிள்ள?"

"பேரம் ஏற்கெனவே பேசுனதுதான். சாமி அது பக்கத்த செய்யல. கணக்க தப்பா போட்ட பையனுக்கு நான் மார்க்கு போடறதில்ல."

சதாசிவம் சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தான். "முனியாண்டிக்கே பெயில் போட்டுட்டாரு மச்சான்."

"சிரிடா," என்றார் மாமனார். "உம் பொண்டாட்டி மாசமா இருக்கா. நெறவேத்தாத வாக்கு சும்மா போவாது. ஒரு தல போயிருச்சு. அடுத்து யாரு தலைன்னு நெனச்சிக்கிட்டு சிரி."

சதாசிவம் சிரிப்பை நிறுத்தினான். அவன் மனைவி செல்லப்பாக்கியம் அடுக்களைக்குள் பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். அவளுக்கு முதல் பிள்ளை. பயப்பட அவளுக்கு உரிமை இருந்தது.

"கிடா பாமாவோடது," என்றேன்.

"பாமா எம் பொண்ணு," என்றார் அவர்.

ஆனால் என்னிடம் ஒரு வழி இருந்தது.

வெட்டுவதற்கு முன்னால் கிடாவின் மேல் மஞ்சள்தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதித்துவிட்டதாக அர்த்தம். மூன்று முறை ஊற்றியும் சிலுப்பாவிட்டால் அந்தக் கிடாமேல் கத்தி வைக்கக்கூடாது. தோட்டத்துக் கோயில்களில் இது எல்லோருக்கும் தெரிந்த முறை.

"சரி மாமா. கிடாவ நானே ஓட்டிக்கிட்டு வர்றேன். ஆனா சிலுப்பாம வெட்டக்கூடாது. சிலுப்பலைன்னா சனிக்கெழம கண்காட்சிக்கு கொண்டுபோயிருவேன். அப்புறம் யாரும் அது பேச்ச எடுக்கக்கூடாது."

மாமனார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தண்ணி பட்டு சிலுப்பாத ஆடு இந்த ஜொகூர்ல இருக்கா? நீங்க காலேஜுல என்னதான் படிச்சீங்க?"

"கயிறு என் கையிலதான் இருக்கும்."

"இருக்கட்டும்லா."

மாமியார் எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

முனியாண்டி கோயில் பழைய தோட்டத்து எல்லையில் இருக்கிறது. ஒரு மரம், அதன் கீழ் சிமெண்டு மேடை, மேடையில் சூலம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பத்திலிருந்தும் தோட்டத்து லய வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பூசாரி மூர்த்தி கத்தியைச் சூலத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, கிடாவுக்கு அரளிமாலை போட்டார். கிடா மாலையைத் தின்னப் பார்த்தது. அரளி விஷம். பிடுங்கி எறிந்தேன்.

"சாமி மால தம்பி," என்றார் பூசாரி.

"வயித்துப்போக்கு வரும்."

முதல் முறை ஊற்றினார். கயிற்றை உள்ளங்கையில் சுற்றி, தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்திருந்தேன். கிடா கண்ணை மட்டும் மூடித் திறந்தது.

"புழுக்கத்துக்கு தண்ணி அதுக்கு சொகமா இருக்கும்போல," என்று யாரோ சொன்னார்கள்.

இரண்டாம் முறை பூசாரி சொம்பைக் காதருகே சாய்த்தார். காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடும் உதறும். ஆனால் இந்த இனத்துக் காது மடிந்து, கழுத்துக்குக் கீழே நீளமாகத் தொங்கும். தண்ணீர் காதின் மேலே வழிந்து மண்ணில் விழுந்தது. கிடா நின்றது.

பூசாரி என் கையைப் பார்த்தார்.

"கயித்த விடுங்க தம்பி. இறுக்கி புடிச்சிருந்தா அது எப்படி சிலுப்பும்?"

"விடமாட்டேன்."

"விட்டு ஊத்தறதுதான் மொற."

"மொற உங்களுது. கயிறு என்னுது."

"மாப்பிள்ள," என்றார் மாமனார், குரலைத் தாழ்த்தி. "ஊரு பாக்குது. மானத்த வாங்காதீங்க."

"கயிறு என் கையில இருக்கும்னு சொன்னேன். நீங்களும் சரின்னு சொன்னீங்க."

சதாசிவம் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். "மச்சான், அவ ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல மச்சான். விட்டுருங்க."

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எந்த உணர்வும் வரவில்லை. கயிற்றை இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டேன். அதை அவிழ்ப்பதென்றால் என் கையோடுதான் அவிழ்க்கவேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

அப்போது மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எல்லாரும் தள்ளுங்க. நேந்துக்கிட்டவ நானு. கயித்த எங்கிட்ட குடுங்க மாப்பிள்ள."

யாருக்கும் விடமாட்டேன் என்று நின்றவன்தான். பாமாவைப் பெற்றவளிடம் அப்படி நிற்க முடியவில்லை. கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தேன். கிடா போய்விட்டது என்று நினைத்தேன்.

மாமியார் கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றினார். இன்னொரு சுற்று. பிறகு குனிந்து, கிடாவின் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்தார்.

"ஊத்து மூர்த்தி."

"அம்மா, கயித்த கீழ போட்டுட்டு..."

"ஊத்துன்னேன்."

பூசாரி சொம்பை வைத்துவிட்டுக் குடத்தையே எடுத்துக் கவிழ்த்தார். மஞ்சள்தண்ணீர் கிடாவின் முதுகிலிருந்து மாமியாரின் சேலையெல்லாம் வழிந்தது. கிடா அசையவில்லை. மாமியாரும் அசையவில்லை.

"கயிறு இருக்கறதாலதான்..." என்று பூசாரி மறுபடியும் தொடங்கினார்.

"கயிறு இருந்தா என்ன? ஊரையே காக்கற சாமி. ஒரு பொம்பள கையில இருக்கற கயித்துக்கு பயந்துருமா?"

லயத்துப் பெண்கள் சிரித்தார்கள். பூசாரி குடத்தைக் கீழே வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சாமி ஏத்துக்கல," என்றார்.

"நல்லது. குடுக்கறேன்னு சொன்னேன், கொண்டாந்து நிறுத்திட்டேன். வாங்கலைன்னா அது அவன் பாடு." பிறகு மாமனார் பக்கம் திரும்பினார். "வீட்டுல போயி உங்க மருமகளுக்கு சொல்லுங்க. நாம யாருக்கும் எதுவும் பாக்கி இல்லன்னு. தூங்கச் சொல்லுங்க அவள."

கயிற்றை விடாமலே கிடாவை ஓட்டிக்கொண்டு நடந்தார். நான் பின்னால் போனேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஆள் இல்லாத இடம் வந்ததும் கேட்டேன்.

"கயித்த போட்டாதான் சிலுப்பும்னு உங்களுக்கு தெரியுமா அத்தை?"

"தண்ணி வீணாவுதுன்னு தெனமும் கத்துனது யாரு? பாக்காமயா கத்துனேன்?"

கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார்: "எம் மகள எடுத்துக்கிட்டான். அவ வளத்ததும் வேணுமாமே அவனுக்கு."

சனிக்கிழமை காலையில் வண்டி பூட்டியபோது, உள்ளே ஒரு கட்டு பலா இலை இருந்தது. புதிதாக வெட்டியது. மாமனார் திரும்பிப் பார்க்காமல் பரண் பக்கம் போய்க்கொண்டிருந்தார். மாமியார் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவு விழுந்து வருடம் திரும்பாத வீட்டிலிருந்து நல்லதுக்கும் வேடிக்கைக்கும் போகமாட்டார்கள். எதிரில் வந்த ஒருத்தி அதைக் கேட்டும் விட்டாள். "ஆடு மேய்க்க போறேன்," என்றார் மாமியார்.

திடலில் கிடாக்களை வரிசையாக நிறுத்தினார்கள். கையில் பென்சிலோடு ஒரு மலாய்க்காரர் வந்தார். "இனி சியாப்பா பூஞா?" என்றார். இது யாருடையது என்று.

"சத்தியபாமா," என்றேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "அவர் எங்கே?"

"இல்லை. கிடா அவருடையதுதான்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனார்.

நடுவர் அதே வெள்ளைக்காரர். கால்சட்டையும் வெள்ளைதான். எங்களுக்கு இரண்டு கிடா தள்ளி அவர் இருக்கும்போது மழை பிடித்தது. வரிசை முழுக்க ஆடுகள் சிலுப்பி, உதறி, இழுத்தன. அவர் எங்கள் கிடாவின் காதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தள்ளி நின்றார். நான் தாடைக்குக் கீழே விரலை வைத்துக் காத்திருந்தேன். மழை முதுகில் கொட்டியது. கிடா நின்றது. கடைசியில் அவரே கிட்டே வந்தார். பல்லைப் பார்த்தார், முதுகை அழுத்தினார், ஒவ்வொரு காலாகத் தூக்கினார். ஒரு துளிகூட அவர்மேல் தெறிக்கவில்லை.

முதல் பரிசு மூவாரிலிருந்து வந்த ஒரு சீனரின் கிடாவுக்குப் போனது. அதற்கு நெஞ்சு அகலமாம். எங்களுக்கு மறுபடியும் இரண்டாவது. பாமா இதை ஒத்துக்கொண்டிருக்கமாட்டாள். நானும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருடமும் இதே பெயரில் வருவோம் என்று நடுவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தன் கால்சட்டையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். வாருங்கள் என்றார்.

வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் கயிற்றைக் கீழே போட்டேன். கிடா காத்துக்கொண்டிருந்தது போலச் சிலுப்பியது. தலை, கழுத்து, முதுகு, வால். இரண்டு நாள் தண்ணீரையும் சேர்த்து உதறுவது போல இருந்தது. என் சட்டையெல்லாம் சேறு. மாமியார் முகத்தைச் சேலை முந்தானையால் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது.

"இது சிலுப்புனத பூசாரி காதுல போட்டுறாதீங்க மாப்பிள்ள."

"போடமாட்டேன் அத்தை."

கார்த்திகையில் செல்லப்பாக்கியத்துக்குப் பெண் பிறந்தது. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். கிடா பரணில் நின்று அசைபோடுகிறது. அதன் குட்டி ஒன்றைப் பிற்பகலில் நான் கிணற்றடிக்கு இழுத்துப் போகிறேன். மாமியார் தண்ணீர் வீணாகிறது என்று கத்துகிறார்.

சொல்லமாட்டேன் என்றவன்தான் இதை எழுதியிருக்கிறேன். பூசாரி படிக்கட்டும்.