ஓரத்தில் ஒரு கேள்வி

1

இந்தக் கதை ஓர் எழுத்துப் பிழையில் பிறந்தது. பிழை என்னுடையது. முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன், பிறகு சொன்னால் உங்களுக்கு என்மீது கோபம் வரும். இப்போதே வந்தாலும் குற்றமில்லை.

முதல் வரியாக இப்படி எழுதிப் பார்த்தேன்: டான்யூப் நதியின்மேல் நவம்பர் மூடுபனி மெல்ல மெல்ல—

(வேண்டாம். ரங்கேல் இருந்திருந்தால் பென்சிலால் அடித்துவிட்டு, "பனி இருக்கட்டும், ஆள் எங்கே?" என்று ஓரத்தில் எழுதியிருப்பார்.)

ஆள் இதோ. ரங்கேல், ஐம்பத்தொன்பது வயது, தனிக்கட்டை. டான்யூப் கரையிலுள்ள வீதின் நகரத்தில் எங்கள் வாரப் பத்திரிகைக்கு மெய்ப்புத் திருத்தியவர். பத்தொன்பது வருஷம் எனக்கு எதிர் மேசை. நான் ஸ்னெஜானா. அதே பத்திரிகையில் 'வாழப் பழகுவோம்' என்று வாராவாரம் புத்திமதி எழுதுகிறவள். வேலையில் பொறுமை, வீட்டில் விட்டுக்கொடுத்தல், நட்பில் நேர்மை, இப்படி ஏதாவது. உபதேசமெல்லாம் ஊருக்குத்தானா என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது.

2

செப்டம்பரில் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, மெய்ப்புக்கென்று தனியாக ஓர் ஆள் வேண்டுமா என்று கேட்டார். கணினியே பிழை பார்த்துவிடும் என்றேன்.

[இந்த இடத்தில் எனக்குச் சாதகமாக ஒரு பத்தி இருந்தது. நீக்கிவிட்டேன். ஆசிரியர் என்னை மிரட்டியதாக அதில் எழுதியிருந்தேன். யாரும் மிரட்டவில்லை.]

கதவு திறந்திருந்தது. வெளியே தாள்கட்டோடு ரங்கேல் நின்றுகொண்டிருந்தார்.

வருஷக் கடைசியோடு வேலை முடிகிறது என்று அவருக்குக் கடிதம் வந்தது. அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. காலையில் எனக்கும் சேர்த்துக் காப்பி வாங்கி வருவதை மட்டும் நிறுத்திவிட்டார். மன்னிப்புக் கேட்க தினமும் நினைத்தேன். அவர் முகம் கொடுத்தால் கேட்கலாம் என்று காத்திருந்தேன். அவர் எதற்கு முகம் கொடுக்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

3

அக்டோபரில் 'எல்லைகளை மதியுங்கள்' என்று ஒரு பாடம் எழுதினேன். "அழைக்காத வீட்டுக்குப் போகாதீர்கள், மௌனமும் ஒரு பதில்தான்" என்று அதில் ஒரு வரி. மெய்ப்பு திரும்பி வந்தபோது அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் இரண்டே சொல் இருந்தது: "பெயர்நாளுக்கும் இப்படியா?"

எங்கள் ஊரில் பிறந்தநாளுக்குத்தான் அழைப்பார்கள். பெயர்நாளுக்கு அழைப்பது வழக்கமில்லை. நம் பெயருள்ள புனிதரின் நாளில் மேசை போட்டு, கதவைப் பூட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நினைவிருப்பவர்கள் தாமாக வருவார்கள். ரங்கேலுக்கு அது நவம்பர் எட்டு.

எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. குத்திக் காட்டுகிறார் என்றுதான் பட்டது. தாளைத் தூக்கிக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன்.

"எல்லைன்னா எல்லைதான் அண்ணே. அதுல விலக்கு எதுக்கு?"

"சும்மா கேட்டேன், ஸ்னெஜா. உன் பேர்ல வர்றது. நீ சொன்னா சரி."

செப்டம்பருக்குப் பிறகு அன்றுதான் அவர் என்னை ஸ்னெஜா என்று கூப்பிட்டார். நான் கவனிக்கவில்லை. அவருடைய பென்சில் வரியை ரப்பரால் அழித்துவிட்டு அச்சுக்கு அனுப்பினேன்.

4

வருஷாவருஷம் நவம்பர் எட்டு மாலையில் அலுவலகமே அவர் வீட்டில் இருக்கும். அவர் அக்கா நெவ்யானா பாலாடைக்கட்டி வைத்துச் சுடும் பனித்சாவுக்காகவே மத்தியானம் பட்டினி கிடப்போம்.

இந்தமுறை ரங்கேல் சீக்கிரம் கிளம்பிவிட்டார். மற்ற நாலு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர் ஒன்றுமே சொல்லவில்லையே, அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றேன். என் பாடத்தை எல்லோரும் படித்திருந்தார்கள். அவரவர் வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் ரங்கேல் ஒவ்வொரு மேசையிலும் ஒரு சாக்லேட் வைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தார். என் மேசையிலும் ஒன்று இருந்தது.

5

ஜனவரியில் மாரடைப்பு, ரங்கேல் போய்விட்டார். கறுப்புக் கரை போட்டு, படத்தோடு கதவிலும் கம்பத்திலும் ஒட்டுகிற மரண அறிவிப்பை நான்தான் எழுதினேன். கணினி சரி என்றது. நாற்பது தாளிலும் 'அங்கேல்' என்று அச்சாகிவிட்டது. எங்கள் எழுத்தில் முதல் எழுத்து ஒன்று விட்டுப்போனால் ரங்கேல் அங்கேல் ஆகிவிடுவார். அங்கேல் என்றும் ஊரில் ஆட்கள் உண்டு. கணினிக்கு எந்த ஆள் செத்தார் என்று எப்படித் தெரியும்?

அவர் வீட்டுக்குப் போனபோது நெவ்யானா சமையலறையில் உட்கார்ந்து, தாள் தாளாக அந்த எழுத்தைப் பேனாவால் சேர்த்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து நானும் ஒரு பேனாவை எடுத்தேன். பத்துத் தாள் முடிந்தது.

"பேர்நாள் அன்னைக்கு ஏழு தட்டு வெச்சான்," என்றார் அவர். "ஆறு போதும்டா, அவ வரமாட்டான்னு சொன்னேன். 'கேட்டிருக்கேன்க்கா, வருவா'ன்னான்."

எங்கே கேட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். பென்சில் வரி ஞாபகம் வந்தது. அழைக்கக் கூடாத நாளுக்கு ஒரு மனிதர் எவ்வளவு அழைக்க முடியுமோ, அவ்வளவும் அவர் அழைத்திருந்தார்.

6

முடிவு ஒன்று: நவம்பர் எட்டாம் தேதி நான் போகிறேன். ரங்கேல் கதவைத் திறந்து—

(நாலு தடவை எழுதினேன். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.)

முடிவு இரண்டு: நெவ்யானா என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

(பொய். நாற்பது தாளும் முடிந்ததும் பேனாவைத் திருப்பிக் கேட்டார்.)

முடிவு மூன்று: ஆகையால், வாசகர்களே, இதிலிருந்து நாம் கற்க வேண்டியது—

மறுபடியும் நவம்பர் வருகிறது. தம்பி பெயரில் நெவ்யானா எட்டாம் தேதி மேசை போடுவாரா, தெரியாது. போட்டாலும் எனக்குச் சொல்லமாட்டார். சொல்லும் வழக்கமில்லை. நான் போகலாமா? இந்தப் பக்கத்தின் ஓரத்தை உங்களுக்காக அகலமாக விட்டிருக்கிறேன். பென்சிலால் எழுதுங்கள். இந்தமுறை அழிக்கமாட்டேன்.

கதையைக் கணினியில் போட்டும் பார்த்துவிட்டேன். பிழை எதுவும் இல்லை என்கிறது.