மூச்சு விட்டதும் மூடும் கதவு

வேண்டாம் என்றுதான் சொல்லவேண்டும், வேறு எப்படிச் சொல்வது, நாற்பத்தாறு வயதில் எம்.எஸ்சி. நர்சிங் சேர்ந்து, முடித்து வெளியே வரும்போது யார் வேலை தரப்போகிறார்கள்... என்று நினைத்தபடியே ஜெஸ்லின் பஸ்ஸில் ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டாள், பக்கத்தில் கெங்கம்மா வந்து உட்கார்ந்தாள். நர்சிங் கல்லூரியில் தன் மாணவி, தன்னைவிட வயதில் எவ்வளவோ மூத்தவள், புளியந்தோப்பில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் நர்ஸாக இருந்துவிட்டு பி.எஸ்சி. டிகிரி படிக்க வந்தவள், அடுத்து எம்.எஸ்சி. சேரலாமா என்று யோசனை கேட்டிருக்கிறாள். சின்னப் பெண்களுக்கு யோசனை சொல்வது சுலபம், வெளிநாடு போகலாம், டீச்சர் ஆகலாம், சம்பளம் கூடும், வருடா வருடம் அதே வாக்கியங்கள். இவளுக்கு எதைச் சொல்வது? காசிமேடு தாண்டி கன்டெய்னர் லாரிகள் நகரவில்லை, பஸ்ஸும் நகரவில்லை, கேட்டுவிடலாம், “மேல படிச்சு என்ன ஆகணும்னு நினைக்கிறீங்க அக்கா?”

“ஆவறதுக்கு இன்னா மிஸ் கீது,” என்றாள் கெங்கம்மா. “கொழந்த இதயம் பத்தி நடத்துனீங்கல்ல, வயித்துல இருக்கறப்ப உள்ள கதவு மாரி ஒண்ணு தொறந்தே கீது, பொறந்து மூச்சு வுட்டதும் மூடிக்கும்னு. எத்தினி கொழந்தைய இந்தக் கையில வாங்கிக்கீறேன். அழுவுதான்னு பாப்பேன், தொடச்சி தாய்கிட்ட குடுப்பேன். உள்ள இம்மாம் பெரிய வேல நடந்துகினு இருந்திருக்கு, எனக்குத் தெரியாது மிஸ். அன்னிக்கி வூட்ல சோறு எறங்கல. இன்னும் இன்னா இன்னா கீதோ, அத்தத் தெரிஞ்சுக்கணும்.”

அந்தப் பாடத்தை ஜெஸ்லின் எத்தனை முறை நடத்தியிருப்பாள், பரீட்சைக்கு வரும், கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்பாளே தவிர ஒருமுறையாவது பார்த்தாளா? விரியாத நுரையீரல், இதயத்துக்குள்ளேயே குறுக்கு வழியில் ஓடும் ரத்தம், பிறகு ஓர் அழுகை, ஒரே ஓர் அழுகை, நுரையீரல் விரிகிறது, ரத்தம் அங்கே பாய்கிறது, கதவு சாத்திக்கொள்கிறது, யார் சொல்லி? தனக்கும் நடந்திருக்கிறது, பெயர் தெரியாத ஏதோ ஒரு நர்ஸின் கையில், இந்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள், டிக்கெட் கேட்டுக் கத்துகிற கண்டக்டர், ஒருவர் விடாமல் அத்தனை பேருக்கும்... கை மயிர் சிலிர்த்து நின்றது. “சேருங்க அக்கா,” என்றாள், சொல்ல நினைத்திருந்தது வேறு.

லாரிகள் நகர்ந்தன. காலடிப்பேட்டையில் இறங்க எழுந்த கெங்கம்மா சாதாரணமாகக் கேட்டாள், “நீங்க அடுத்து இன்னா படிக்கப்போறீங்க மிஸ்?”

“பிஎச்.டி. முடிச்சா பிரின்சிபால்...” என்று வாய் தானாக ஆரம்பித்து நின்றது, கெங்கம்மா இறங்கிப் போயிருந்தாள். என்ன ஆவது என்பது இருக்கட்டும், தான் தெரிந்துகொள்ள ஆசைப்படுவது எது... ஒன்று, ஒன்றாவது இருக்குமே, இருக்கவேண்டுமே, திருவொற்றியூர் வந்தும் ஜெஸ்லின் தேடிக்கொண்டிருந்தாள்.