ஐந்துக்கு நான்கு

நான்கு நட்சத்திரம் போட்டுவிட்டு, அதன் கீழேயே "வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை" என்றும் எழுதி வைத்தால் மனுஷிக்குக் கோபம் வருமா, வராதா? எனக்கு வந்தது. காஞ்சிபுரத்தில் ரங்கசாமி குளத்துக்குப் பக்கத்தில் உமாபதி அண்ணன் வைத்திருந்த பிரவுசிங் சென்டரில், மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நிறமில்லாத அந்த ஐந்தாவது நட்சத்திரத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன். 2006-ஆம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம்.

நான் சுகாசினி, பக்கத்துக் கிராமமான முசரவாக்கம் வீராசாமி மகள். கிழிந்த, பூஞ்சை பிடித்த பழைய போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்வது என் தொழில். ஒரு வெப்சைட்டில் யார் யாரோ வேலை போடுவார்கள், நாம் எடுத்து முடித்துக் கொடுத்தால் ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் போடுவார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண் என்று அங்கே ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். எனக்கு அதில் பிடித்ததே அதுதான். நான்கு வேலை முடித்து, நான்குக்கும் ஐந்து வாங்கி, சுத்தமாக 5.0 வைத்திருந்தேன்.

அந்த வாரம்தான் கனடாவிலிருந்து ஒரு மியூசியம் வேலை வந்தது. நூறு வருஷத்துப் போட்டோக்கள், அறுநூறு, ஆறு மாத வேலை. பார்த்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. மாதிரிக்கு அவர்கள் கொடுத்திருந்த ஒரு படத்தை மூன்று நாள் உட்கார்ந்து சரிசெய்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அனுப்பப் போனால், 4.9-க்குக் கீழே இருப்பவர்கள் விண்ணப்பிக்க முடியாது என்று சிவப்பில் வருகிறது. அன்று காலையில்தான் அந்த ஐந்தாவது வேலைக்கு நான்கு விழுந்து நான் 4.8 ஆகியிருந்தேன்.

இது போனால் திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு எங்கள் ஊர் முனையில் கம்பெனி பஸ் ஏற வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை. அப்பா ஆளைப் பிடித்துப் பேசி முடித்திருந்தார். வேலையைக் கேவலமாக நினைக்கவில்லை. ஆனால் ஒரு போட்டோவில் அழிந்துபோன கண் மெல்லத் திறக்கும்போது எனக்கு வரும் சந்தோஷம், அட்டைப்பெட்டியில் வரவே வராது.

உமாபதி அண்ணன் சமாதானம் சொன்னார், எண்பது பர்சென்ட் என்றால் ஃபர்ஸ்ட் கிளாஸ்தானே என்று. "இங்க எம்பதுன்னா ஃபெயில்ணா" என்றேன்.

போட்டவர் நினைத்தால் ஒரு வாரத்துக்குள் ஒரு தடவை மதிப்பெண்ணை மாற்றலாம். காலையிலிருந்து மூன்று மெசேஜ் அனுப்பியிருந்தேன், பதில் இல்லை. வி.சி. என்பதற்கு மேல் பெயரும் தெரியாது. ஆனால் அந்தப் போட்டோவை எனக்குத் தெரியும், அணு அணுவாகத் தெரியும். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கருட சேவை. கருடன் மேல் காஞ்சி வரதராஜப் பெருமாள், பின்னால் ஒரு வீட்டு வாசல், நிலைக்கு மேலே சங்கும் சக்கரமும். சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருந்தது. கீறல் என்று நினைத்து நான் ஒட்டிவைத்தேன். உடனே வி.சி.யிடமிருந்து மெசேஜ்: அது கீறல் இல்லை, எங்கள் வீட்டு வாசலில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது, தயவுசெய்து மறுபடி உடையுங்கள்.

எங்கள் வீட்டு வாசலில், இன்றைக்கும். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "அண்ணா, உங்க சைக்கிள் எடுத்துக்கினு போறேன்" என்று சொன்னபோது நான் ரோட்டில் இருந்தேன்.

வரதர் கோயிலுக்கு எதிரே, சின்ன காஞ்சிபுரம் சன்னதித் தெருவுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு வாசலாக அண்ணாந்து பார்த்தபடி நடந்தேன். கருட சேவைக்குக் கூட்டத்தோடு கூட்டமாக வந்திருக்கிறேனே தவிர, அந்தத் தெருவில் ஒரு வீட்டுப் படி ஏறியதில்லை. எங்கள் வீட்டில் யாருமே ஏறியதில்லை. எதிரே வந்த ஒருவர் யாரைத் தேடுகிறாய் என்று கேட்டார். பல் உடைந்த சக்கரத்தை என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, இடதுபுறம் ஆறாவது வீட்டைக் காட்டினார்.

கதவைத் திறந்த அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். புடவைத் தலைப்பில் சாக்பீஸ் தூள். வைதேஹி சக்ரவர்த்தி, ஏனாத்தூரில் கணக்குப் பேராசிரியை, அப்போதுதான் காலேஜிலிருந்து வந்திருக்கிறார். காலையில் காலேஜ் கம்ப்யூட்டரில் நட்சத்திரம் போட்டவர், அதற்கப்புறம் மெசேஜ் பார்க்கவில்லையாம். நான்தான் அந்தப் போட்டோவைச் செய்தவள் என்றதும் அவருக்கு ஒரே ஆச்சரியம். பெங்களூரோ, பம்பாயோ என்று நினைத்திருந்தாராம். நான் வாசற்படியில் நின்றபடியே மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். மணி ஐந்தடிக்கப் பத்து நிமிஷம்.

அவர் முகம் வாடிப்போய்விட்டது. "நான் நாலு போட்டது பாராட்டித்தாம்மா" என்றார். அவருடைய அப்பா சக்ரவர்த்தி வாத்தியார் முப்பது வருஷம் பேப்பர் திருத்தியவர், ஒரு பிள்ளைக்கும் முழு மார்க் போட்டதில்லை. இவருக்கே எழுபத்தொன்பதைத் தாண்டியதில்லை. இவரும் இருபது வருஷமாகப் போட்டதில்லை. "முழு மார்க் பெருமாளுக்கு மட்டும்தான். எங்காத்துல அப்படி ஒரு வழக்கம். அதை மீறி எப்படிப் போடறதுன்னு தெரியலை. வேணும்னா நீ ரொம்ப நன்னாப் பண்ணினேன்னு இன்னும் ரெண்டு பாரா எழுதித் தரட்டுமா?"

இரண்டு பாராவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அழுகை முட்டியது, கோபம் அதற்கு முன்னால் வந்து நின்றது. அவர் தோளுக்குப் பின்னால் கூடத்துச் சுவரில் நான் செய்த போட்டோ பெரிதாக, கண்ணாடி போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. மல்லிகைச் சரம் சாத்தி, முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"மேடம், நீங்க அனுப்பும்போது அந்தப் போட்டோவுல பெருமாளுக்கு மொகமே இல்ல. கரையான் தின்னுட்டிருந்துச்சி. நெத்தி இல்ல, கண்ணு இல்ல, மூக்கு பாதி இல்ல. பதினோரு நாள் ஒக்காந்து நான்தான் போட்டேன். முழு மார்க் பெருமாளுக்குத்தான்னா, அந்த மொகத்துக்கு எவ்ளோ போடுவீங்க?"

அவர் திரும்பிப் படத்தைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் தானாப் பண்ணிடும்னு நினைச்சேன்" என்றார். பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர்போல், "திருமுகத்துல அந்த வடு?"

வரதர் முகத்தில் வடு உண்டு. யாகத் தீயில் பட்டது என்பார்கள். "மொதல்ல மொழுக்குன்னுதான் போட்டேன் மேடம். அப்புறம் பாத்தா, அது நம்ம பெருமாளா இல்ல. சின்ன வயசுல எங்கப்பா தோள் மேல ஒக்காந்து பாத்திருக்கேன். அத நெனப்பு வச்சி வடுவையும் போட்டேன்."

வைதேஹி மேடத்தின் கண் கலங்கிவிட்டது. "தினமும் அந்த முகத்துக்குத்தான் விளக்கேத்தறேன்" என்றார். கதவை முழுதாகத் திறந்தார். "உள்ள வாம்மா. நாழியாறது."

பதினோரு நாளாக அந்த வாசலைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவள், அன்றைக்குத்தான் அதைத் தாண்டினேன். கம்ப்யூட்டர் உள்ளறையில் இருந்தது. அது எழுந்து உட்கார ஐந்து நிமிஷம், இன்டர்நெட் வர பத்து நிமிஷம், மேடம் பாஸ்வேர்டைத் தேட ஒரு டைரி முழுக்க. கடைசியில் ஐந்தாவது நட்சத்திரத்தின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். அது மஞ்சளானது. என் பெயருக்கு நேரே 5.0 வந்தது. அதே நாற்காலியில் என்னை உட்காரவைத்தார். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு என் விண்ணப்பம் கனடாவுக்குப் போனது. நான் எழுந்து குதித்ததில் மேஜை மேலிருந்த விடைத்தாள் கட்டு சரிந்தது. மேடம் அதை எடுக்கவேயில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது. வேலை எனக்குத்தான். திங்கட்கிழமை காலை ஊர் முனையில் கம்பெனி பஸ் நின்றபோது அப்பா போய், என் பொண்ணு வரலைப்பா, அவளுக்குக் கனடாவுல வேலை என்று சொல்லி அனுப்பினார். ஊரில் பாதிப் பேர் நான் பிளேன் ஏறப்போகிறேன் என்று நம்பிவிட்டார்கள்.

ஒரு பாக்கி இருந்தது. அந்த வெப்சைட்டில் வேலை கொடுத்தவருக்கு நாமும் நட்சத்திரம் போட வேண்டும். வைதேஹி சக்ரவர்த்தி, காஞ்சிபுரம். வேலையில் தெளிவு, பேச்சில் மரியாதை, குறை சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதினேன். எழுதிவிட்டு, நான்கு போட்டேன்.

அடுத்த ஞாயிறு மேடத்திடமிருந்து ஒரு வரி வந்தது: "எங்காத்துல எனக்கு இவ்வளவு மார்க் யாரும் போட்டதில்லை."