கட்டத்துக்குள் மூன்று விநாடி

சனிக்கிழமை காலை ராய்ஸ் கூப்பிட்டான். எங்கள் வட்டாரத்தில் எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்று முடிவு செய்பவன் அவன்.

"இன்னிக்கு வெர்லினோட போறே இல்ல, நோலன்?"

"ஆமா."

"அவர் மேல ஒரு கண்ணு வெச்சுக்கோ. கெஸ்லர் டீமுக்கு விட்டுக்கொடுக்கறார்னு ரெண்டு பேர் சொல்லிட்டாங்க. ஓட்டு வேற வெள்ளிக்கிழமை முடியுது."

இங்கே, இந்தியானாவில், பள்ளிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் நடுவர்களுக்கு ஓட்டுப் போடுவார்கள். நிறைய ஓட்டு வாங்கியவர்களுக்குத்தான் மாநிலப் போட்டி. வெர்லின் ஸ்டூப்ஸுக்கு வயது அறுபத்திரண்டு. முழங்கால்கள் இரண்டும் போய்விட்டன. முப்பது ஆண்டுகள் விசில் ஊதியும் மாநிலப் போட்டிக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. இது அவருடைய கடைசி ஆண்டு.

"ஆட்டம் முடிஞ்சதும் எனக்குச் சொல்லு. நீ சந்தேகம்னு சொன்னா, ஓட்டு எவ்வளவு வந்தாலும் அவர் பேரை எடுத்துடுவேன்."

ஏன் என்னைக் கேட்கிறான் என்று யோசித்தேன். என் மனைவி மெரிடித் இறந்து பத்து மாதம். அதன் பிறகு நான் யாரோடும் ஒட்டுவதில்லை. அதனால் யார் பக்கமும் சாய மாட்டேன் என்று நினைத்திருப்பான். சரி என்றேன்.

பெண்கள் ஆட்டம், பிற்பகல் இரண்டு மணிக்கு. நடுவர்கள் உடை மாற்ற ஓர் ஆசிரியரின் அறையைத் தந்திருந்தார்கள். வெர்லின் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளூர் அணியின் பயிற்சியாளர் கெஸ்லர் தட்டோடு வந்தார். பன்னை விடப் பெரிதாக வெளியே நீட்டிக்கொண்டிருந்த பொரித்த பன்றிக்கறி, ஆளுக்கு ஒன்று. வெர்லினின் தோளைத் தட்டினார். என் தோளைத் தட்டவில்லை. இப்போதெல்லாம் பலரும் என்னைத் தொடுவதில்லை. ஆனாலும் மனதில் குறித்துக்கொண்டேன்.

வெர்லின் சாப்பிட்டார். நான் சாப்பிடவில்லை.

"மூணு விநாடி விஷயத்துல முதல்ல வாயால சொல்லுவோம், தம்பி," என்றார். "கேக்கலேன்னா விசில். நம்ம விசில் கச்சேரியக் கேக்க யாரும் இங்க வரல."

எல்லா நடுவர்களும் சொல்வதுதான். வளையத்தின் கீழே வண்ணம் பூசிய கட்டத்துக்குள் தாக்கும் அணிக்காரி மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. நின்று அதனால் லாபம் எதுவும் அடையவில்லை என்றால் எச்சரித்து விட்டுவிடுவோம். அன்று அந்தப் பேச்சு எனக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கும் சாக்காகப் பட்டது.

கெஸ்லர் அணியின் நாற்பத்திரண்டாம் எண், டார்சி, ஆறடிக்கு மேல். அவள் கட்டத்துக்குள் நின்றாள். கூடைக்கு அடியில் நிற்கும் நடுவர் கட்டத்தைப் பார்க்க வேண்டும். பின்னால் நிற்பவர் பந்தைப் பார்க்க வேண்டும். அவள் அணி தாக்கும்போது பெரும்பாலும் வெர்லின்தான் கீழே. நான் பந்தைப் பார்க்கவில்லை. டார்சியின் காலணியைப் பார்த்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. விசில் இல்லை. வெர்லினின் வாய் அசைந்தது. மேளமும் கூச்சலும் சேர்ந்த இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை.

"உங்க ஊர் கடிகாரம் பழுதா?" என்று கத்தினார் வெளியூர்ப் பயிற்சியாளர் லோரெட்டா. "எங்க ஊர்ல மூணுக்கு அப்புறம் நாலு வரும்!"

சிறிது நேரத்தில் லோரெட்டாவின் பெண் ஒருத்தி, ஓரத்திலிருந்து பந்தை உள்ளே போடும்போது, கோட்டை அரை அங்குலம் மிதித்தாள். பக்கத்தில் எதிரணியில் யாரும் இல்லை. நான் விட்டுவிட்டேன். லோரெட்டா அதற்கு ஒன்றும் கத்தவில்லை. நான் செய்தது விவேகம் என்றே அப்போது நினைத்தேன்.

இடைவேளையில் கேட்டேன். "டார்சிக்கு ஏன் ஊதல?"

"சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எனக்கு எதுவும் கேக்கல."

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். "உனக்கு ரொம்ப நாளாவே எதுவும் கேக்கறதில்ல, தம்பி," என்றார். குரலில் கோபமில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

கடைசி ஒன்பது விநாடி. கெஸ்லர் அணி ஒரு புள்ளி பின்னால். பந்து அவர்களிடம். டார்சி கட்டத்துக்குள் போனாள். ஒன்று, இரண்டு. ஒரு பெண் பந்தை எறிந்தாள். வளையத்தில் பட்டுத் தெறித்தது. அவள் அணிக்காரி ஒருத்தியே பிடித்து டார்சிக்குக் கொடுத்தாள். மூன்று, நான்கு. ஊதினேன். அதற்குப் பிறகுதான் டார்சி பந்தை எறிந்தாள். அது வலைக்குள் விழுந்தது.

கூடம் எழுந்து நின்றது. வெர்லின் நொண்டிக்கொண்டே ஓடி வந்தார்.

"என்ன புடிச்சே?"

"மூணு விநாடி. நாப்பத்திரண்டு."

கட்டம் என் பொறுப்பே இல்லை. அதை அவர் சொல்லவில்லை. மெதுவாகக் கேட்டது இதைத்தான்: "எப்போலேருந்து எண்ணினே?"

அப்போதுதான் உறைத்தது. பந்து கூடையை நோக்கி எறியப்பட்டதும் எண்ணிக்கை நின்றுவிடும். மறுபடி பிடித்த பிறகு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். முதல் மாதமே கற்றுக்கொள்கிற விதி. நான் பழைய எண்ணிக்கையை அப்படியே இழுத்துக்கொண்டு போயிருந்தேன். காலையிலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம்.

"எறிஞ்சதுக்கு முன்னாலேருந்து," என்றேன்.

"அவ மேல தப்பில்லையா அப்ப?"

"இல்ல."

"சரி. நீயே போய்ச் சொல்லு."

இரண்டு பயிற்சியாளர்களையும் கூப்பிட்டுச் சொன்னேன். தவறான விசில். விசிலுக்குப் பின் எறிந்ததால் புள்ளி இல்லை. பந்து கெஸ்லர் அணிக்கே. மீதி மூன்று விநாடி.

"ஜெயிச்ச ஆட்டத்தப் புடுங்கிட்டு பந்தத் திருப்பித் தர்றியா?" என்றார் கெஸ்லர்.

"ஊதிட்டு மாத்தறியே, யாருய்யா காதுல ஓதினது?" என்றார் லோரெட்டா. "அந்தக் கிழவரா?"

ஆட்டம் மறுபடி தொடங்கும் முன் டார்சி என் பக்கத்தில் நின்றாள். அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள். "அவர் 'நாப்பத்திரண்டு, வெளிய வா'ன்னு கத்திக் கத்தி என் காதே போச்சு. சொன்னப்பல்லாம் வந்தேனே சார். நீங்க ஒரு வார்த்தை சொல்லலியே."

அவளைக் காவல் காத்த எதிரணிப் பெண் மூக்கைத் துடைத்தாள். "பந்து எங்ககிட்ட இருக்கறப்ப எங்கிட்டயும் அதே கத்தல்தான். வீட்ல எங்க அம்மா பரவால்ல."

பந்து உள்ளே வந்தது. எறிந்தார்கள். விழவில்லை. கெஸ்லர் அணி ஒரு புள்ளியில் தோற்றது. அந்த ஒரு புள்ளியில் தோற்கடித்தது நான்.

இரண்டு பயிற்சியாளர்களும் எங்களுக்குக் கை கொடுக்காமல் போனார்கள். இரண்டு ஓட்டும் போயிற்று என்று அவர்கள் முதுகைப் பார்த்தே தெரிந்தது.

அறையில் வெர்லின் குனிய முடியாமல் காலணியைக் காலாலேயே தள்ளிக் கழற்றினார்.

"ஓட்டுக்காக டார்சிய விட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஒவ்வொரு தடவையும் என்னையே அதக் கேட்டுக்கிட்டேன். அதான் ரெண்டு பக்கமும் தொண்ட கிழியக் கத்தினேன்." பிறகு, "உன்ன ராய்ஸ் அனுப்பினானா?" என்றார்.

"ஆமா."

தலையசைத்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வண்டியில் உட்கார்ந்து ராய்ஸைக் கூப்பிட்டேன். கண்ணாடியில் பனி இறுகியிருந்தது. நடந்ததைச் சொன்னேன். வெர்லின் ரெண்டு அணியையும் ஒரே மாதிரி எச்சரித்தார், தப்பாக ஊதியது நான், என் இடமில்லாத இடத்தில் ஊதினேன் என்றேன்.

ராய்ஸ் உடனே கேட்டான்.

"இதச் சொல்லச் சொன்னது அவரா?"

"இல்ல."

"நீ அப்படித் தப்புப் பண்ற ஆள் இல்லியே, நோலன். அவரக் காப்பாத்தத்தானே பழிய உன் மேல போட்டுக்கறே?"

"ரெண்டு பொண்ணுங்களையும் கேட்டுப் பாரு."

"பதினாறு வயசுப் பசங்க. பரிதாபப்பட்டு எதையும் சொல்லும். எழுதித் தர்றியா?"

தருகிறேன் என்றேன். தவறாக ஊதினேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் என் பெயர்தான் மாநிலப் போட்டிப் பட்டியலிலிருந்து போகும். அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் மறுமுனையில் என் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான், நான் பின்வாங்குகிறேனா என்று.

வண்டியின் முன்பெட்டியில் ஓர் ஆட்ட அறிக்கைப் படிவம் இருந்தது. ஸ்டீயரிங் மேல் வைத்து எழுதத் தொடங்கினேன். பேனா உறைந்திருந்தது. வாயால் ஊதிச் சூடாக்கி மறுபடி எழுதினேன்.