எப்ரேனின் பேருந்தும் இரவுச் செய்தியும்

மெக்சிகோவின் தென்கோடியில் இருக்கும் சான் பாக்கோமியோ ஊரில் செய்தி முந்தி, சம்பவம் பிந்தி. இரவு தொலைக்காட்சியில் சொன்னால் மறுநாள் நடந்துவிடும். உள்ளூர் நிலையம் இருந்தவரை யாருக்கும் தொந்தரவில்லை. வாழை நன்றாகக் காய்த்தது, மேயர் மகளுக்குக் கல்யாணம், அவ்வளவுதான் செய்தி.

ஜனவரியில் நிலையம் கைமாறி, வடக்கே எங்கோ இருக்கும் பெருநகரத்தின் ஒளிபரப்பு அப்படியே இங்கே வந்தது. வாழைத்தோப்பில் பனி விழுந்தது. ஒருநாள் காலையில் விமான நிலையம் ஒன்று வந்தது, மதியம் வேலைநிறுத்தம் என்று அதை மூடினார்கள். மே மாதம் நிலையம் விளையாட்டு ஒளிபரப்புக்கு மாறியது. ஊரே மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் மறுபடி பழைய பெருநகரச் செய்தியே வந்து சேர்ந்தது.

ஹெர்லிண்டாவுக்குப் பனியும் பெரிதில்லை, ஓட்டமும் பெரிதில்லை. அவள் புருஷன் எப்ரேன் பேருந்து ஓட்டுகிறவன். ஊரில் இருப்பதே அந்த ஒரு பேருந்துதான். செய்தியில் பேருந்து என்ற சொல் வருகிறதா என்றே அவள் தினமும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அக்டோபரில் ஓர் இரவு, செய்தி வாசிக்கும் பெண் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, "பாலத்திலிருந்து பேருந்து கவிழ்ந்து ஓட்டுநர் பலி" என்றாள். ஊரில் பாலம் கிடையாது. பாலம் போட ஆறும் கிடையாது. அந்த நினைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஹெர்லிண்டா படுத்தாள். விடிந்து ஜன்னலைத் திறந்தால் தெருக்கோடியில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. மேலே பாலம். அவள் போய் எப்ரேனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு ஒரு நாள் போகாதயேன்."

"ஜனங்க காத்துக்கிட்டு நிப்பாங்க. பாலம் நல்லா அகலமாத்தான் இருக்கு," என்று எப்ரேன் கிளம்பிவிட்டான்.

அவள் குன்றின்மேல் இருந்த ஒளிபரப்புக் கோபுரத்துக்கு ஓடினாள். அங்கே கசிமிரோ என்ற பொறியாளர் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, செய்திய மாத்துங்க."

"செய்திய மாத்த முடியாதும்மா. வேணும்னா நிலையத்தையே மாத்தலாம். இந்த வருஷம் மாறாததா? தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன. சமையல் இருக்கு, பிரசங்கம் இருக்கு, நாடகத் தொடர் இருக்கு. எது வேணும்?"

சமையலில் அடுப்பு எரியும். பிரசங்கத்தில் ஆளை நேரே சொர்க்கத்துக்கே அனுப்பிவிடுவார்கள். "தொடர் போடுங்க. அதுல கதாநாயகன் சாக மாட்டான்," என்றாள்.

கசிமிரோ விசையைத் திருப்பினார். கீழே பாலத்தில் பேருந்தின் முன்சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின. எங்கிருந்தோ வயலின் இசை எழுந்தது. பேருந்து மெல்லப் பின்வாங்கி நேராக நின்றது. ஹெர்லிண்டாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வழியெல்லாம் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து, அவனுக்குப் பிடித்த அவரைக்காய்க் குழம்பு வைத்தாள்.

சாயங்காலம் கதவு திறந்தது. பேருந்துச் சாவியைச் சுழற்றியபடி, அவள் பார்த்தேயிராத ஓர் உயரமான ஆள், எப்ரேனின் சட்டையில் நின்றான். அவன் நெஞ்சுக்குக் கீழே, காற்றில், தொடரில் நடிகர் மாறும்போது வருவதுபோல் ஒரு வரி ஓடி மறைந்தது: எப்ரேனாக, அவருக்குப் பதில் இனி இவர்.

"பசிக்குது, ஹெர்லிண்டா," என்றான்.

எப்ரேன் சாகவில்லை. அதை அவள் தனக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். குழம்பை ஊற்றி அவன்முன் வைத்தாள். சட்டை அவனுக்குத் தோளில் பிடித்தது. தையலைப் பிரித்துவிட ஊசியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.